வேலூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகம்: விமானி மகளுக்கு வீடு எங்கே என்று கேட்கப் போன அனுபவம்

வேலூர் ஆபீசர்ஸ் லைனிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில், இரண்டு ஆடிட்டர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகம் ஒன்று இருக்கிறது. கடந்த சில மாதங்களில் அங்கே மூன்று முறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறோம். கணக்குத் தாக்கல் செய்வதற்காகப் போகவில்லை. விமானியாக வேலை பார்க்கும் எங்கள் மகள் எந்த ஊரில் குடியிருப்பது, எந்த ஊரில் வீடு வாங்குவது, அந்த முடிவில் வரிக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்ற மூன்று கேள்விகளோடு போனோம். இப்படி ஒரு ஆலோசனையைக் கட்டணம் கொடுத்துக் கேட்கலாம் என்பதே எங்களுக்கு முன்பு தெரியாது. எங்களைப் போல வீட்டில் ஒரு விமானப் பணியாளர் இருக்கிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆடிட்டர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதற்கு அவர்களது தொழிலில் கட்டுப்பாடு உண்டு என்று அவர்களே எங்களிடம் சொன்னார்கள். தவிர, அவர்கள் செய்த ஒரு பிழையையும் எழுதப் போகிறேன். பெயரைப் போட்டு அதை எழுதுவது முறையாகாது. கட்டணம் 7,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 8,850 ரூபாய். மூன்று அமர்வுகளும், முடிவில் ஒன்பது பக்க எழுத்துக் குறிப்பும் இதில் அடங்கும்.

எங்கள் நிலைமை இதுதான். நாங்கள் காட்பாடி காந்தி நகரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மகள் ஏர்பஸ் 320 விமானத்தில் துணை விமானி. பேஸ், அதாவது பணி தொடங்கும் ஊராக நிறுவனம் குறித்திருப்பது, பெங்களூரு; எலஹங்காவில் மாதம் 32,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு படுக்கையறை வீடு. பயிற்சிக்காக வாங்கிய கல்விக் கடன் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது. இந்த நேரத்தில் சத்துவாச்சாரியில் 70 லட்சம் ரூபாய்க்கு ஒரு தனி வீடு விலைக்கு வந்தது. ஊரில் வீட்டை வாங்கிவிட்டு, பேஸைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டு, வேலூரிலிருந்தே போய்வரட்டும் என்றார் என் கணவர். டல்லாஸில் இருக்கும் என் அண்ணன் மகன், அமெரிக்காவில் விமானிகள் வரி இல்லாத மாநிலமாகப் பார்த்துத்தான் குடியேறுகிறார்கள், நாமும் வரியைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்ய வேண்டும் என்றான். மகளோடு பயிற்சி முடித்த ஒரு பெண் வளைகுடாவுக்குப் போய்விட்டாள். அந்த எண்ணமும் வீட்டில் அடிக்கடி பேசப்பட்டது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல, கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

முதல் அமர்வில் மூத்த ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது அல்ல. "அம்மா, உங்க பொண்ணுக்கு ரிப்போர்ட்டிங் எத்தனை மணிக்கு வரும்? அதுக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார். மகளின் ஒரு மாத ரோஸ்டரை (பணி அட்டவணையை) எடுத்து வரச் சொல்லி, அதிகாலை 5 மணிக்கு முன் தொடங்கும் பணிகளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டார். அந்த மாதத்தில் ஒன்பது வட்டங்கள் விழுந்தன. அதன் பிறகுதான், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் படிவம் 16-ஐக் கேட்டார். இந்த அலுவலகத்தின் மேல் எனக்கு மரியாதை ஏற்பட்டது அந்த ஒன்பது வட்டங்களைப் பார்த்தபோதுதான்.

அமெரிக்கக் கதையை அவர் பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். அங்கே வருமான வரி இரண்டு அடுக்கு: கூட்டாட்சி அரசின் வரி ஒன்று, மாநிலத்தின் வரி இன்னொன்று. கலிபோர்னியாவில் மாநில வரியின் உச்ச விகிதம் 13.3 சதவீதம், டெக்சஸ், புளோரிடா, நெவாடா, வாஷிங்டன், டென்னசி ஆகிய மாநிலங்களில் சம்பளத்தின் மேல் மாநில வரியே இல்லை. விமானி ஒரே நாளில் நான்கு மாநிலங்களில் இறங்கி ஏறுவார் என்பதால், எல்லா மாநிலங்களும் அவர் சம்பளத்தில் கை வைக்காதபடி ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. விமானப் பணியாளரின் சம்பளத்துக்கு, அவர் குடியிருக்கும் மாநிலமும், சம்பளத்தில் பாதிக்கு மேல் ஈட்டப்படும் மாநிலமும் மட்டுமே வரி விதிக்கலாம். பல மாநிலங்களின் மேல் பறப்பவருக்கு எந்த ஒரு மாநிலத்திலும் பாதிக்கு மேல் சேர்வது அரிது. அதனால் குடியிருக்கும் மாநிலம் ஒன்றே மிஞ்சுகிறது. சான் பிரான்சிஸ்கோவைப் பேஸாக வைத்துக்கொண்டு நெவாடாவிலோ டெக்சஸிலோ வீடு வைத்திருக்கும் விமானிக்கு, வரியும் மிச்சம், வீட்டு விலையும் குறைவு. டெக்சஸில் சொத்து வரி கனமானது என்பதை மட்டும் என் அண்ணன் மகன் சொல்ல மறந்துவிட்டான்.

இந்தியாவில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: வேலூரில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் வருமான வரி ஒன்றுதான், அதை விதிப்பது மத்திய அரசு. சம்பளத்தை வைத்து ஊருக்கு ஊர் மாறும் வரி என்றால் தொழில் வரி ஒன்றுதான். அதற்கும் அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. ஆகவே வரிக்காக ஊர் மாறுவது என்ற பேச்சு, நம் நாட்டுக்குள் வேலை பார்க்கும் விமானிக்குப் பொருந்தாது. வீட்டு வாடகைப்படிக்கான கழிவு வழியாக மட்டும் ஊர் வரிக் கணக்கின் உள்ளே வரும், அதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்றார்.

அந்தக் கணக்கை மகளின் சம்மதத்தோடு, எண்களை முழுமையாக்கி இங்கே தருகிறேன். 2025-26 நிதியாண்டில் மொத்தச் சம்பளம் 26 லட்சம் ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 12 லட்சம், வீட்டு வாடகைப்படி 6 லட்சம், மீதி பெரும்பாலும் பறக்கும் நேரத்துக்கான படிகள். கழிவுகள் குறைந்த புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 25,25,000 ரூபாய்க்கு வரி. 4 சதவீத செஸ்ஸோடு 3,51,000 ரூபாய். கழிவுகள் அதிகமுள்ள பழைய முறையில், நிலையான கழிவு 50,000, வாடகைப்படிக் கழிவு 2,64,000, சேமிப்புகளுக்கு 80சி பிரிவில் 1,50,000, கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில் 3,60,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 என்று எல்லாவற்றையும் கழித்த பிறகும் 3,51,312 ரூபாய் வந்தது. இரண்டு முறைகளுக்கும் இடையே 312 ரூபாய் வித்தியாசம்! அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எலஹங்காவில் மாதம் 32,000 ரூபாய் வாடகை கொடுத்தும், வருடம் முழுவதும் ரசீதுகளைச் சேர்த்து வைத்தும், கடன் வட்டிச் சான்றிதழுக்காக வங்கிக்கு நடந்தும் கிடைக்கும் பயன், எந்த ரசீதும் இல்லாமல் புதிய முறையில் கட்டுவதைவிட 312 ரூபாய் குறைவானது.

இதிலிருந்து அவர் சொன்ன முடிவு எங்கள் வீட்டுப் பேச்சையே மாற்றியது. புதிய வரி முறையில் வாடகைக்குக் கழிவு இல்லை. குடியிருக்கும் சொந்த வீட்டின் கடன் வட்டிக்கும் கழிவு இல்லை. பழைய முறையில் அந்த வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு என்பதால்தான், "வரிக்காகவாவது ஒரு வீடு வாங்கிப் போடு" என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். மகள் புதிய முறைக்கு மாறிவிட்டால், அவள் எங்கே இருக்கிறாள், சொந்த வீடா வாடகை வீடா என்பது வருமான வரிக் கணக்கில் எங்குமே நுழையாது. கல்விக் கடன் வட்டிக்கான 80இ கழிவும் எட்டு ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும், அதுவும் வருடா வருடம் வட்டி குறையக் குறையத் தேய்ந்துகொண்டே போகும்.

பிழை நேர்ந்தது இந்த இடத்தில்தான். முதல் வரைவில், பெங்களூரைச் சென்னையைப் போலவே கணக்கிட்டு, வாடகைப்படிக் கழிவுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற வரம்பைப் போட்டிருந்தார்கள். 2025-26 நிதியாண்டின் விதிப்படி சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு ஊர்களுக்குத்தான் 50 சதவீதம். பெங்களூருக்கும் வேலூருக்கும் 40 சதவீதமே. மகள் தன் நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் கேட்டு அதைக் கண்டுபிடித்தாள். எங்கள் விஷயத்தில் விடை மாறவில்லை. கழிவு என்பது மூன்று தொகைகளில் குறைந்தது: கிடைக்கும் படி, சம்பளத்தின் அந்த சதவீதம், கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்த தொகை. ஆண்டு வாடகை 3,84,000-இல் 1,20,000 போக 2,64,000. அது 40 சதவீதமான 4,80,000-ஐவிடக் குறைவு. வாடகை அடிப்படைச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால்தான் 40, 50 என்ற வித்தியாசம் கணக்கைத் தொடும். ஆனாலும் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குகிற இடத்தில் இந்தப் பிழை வந்திருக்கக் கூடாது. சுட்டிக்காட்டியதும் இளைய ஆடிட்டர் மறுநாளே திருத்திய தாளை அனுப்பி, தவறு தன்னுடையது என்று எழுதியிருந்தார். அந்த நேர்மையை மதிக்கிறேன். அதே சமயம், இறுதிக் குறிப்பை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு எண்ணையும் தாங்களே ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காட்பாடி வீட்டுக்கு மகள் எங்களுக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டிக் கழிவு பெறலாமே என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் அதைக் கேட்டதும் மூத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உண்மையில் குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்குத்தான் கழிவு உண்டு, எலஹங்காவில் தூங்கிக்கொண்டு காட்பாடிக்கு ரசீது காட்டுவதை நான் எழுதித் தர மாட்டேன் என்றார். கேட்டதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மறுத்தது பிடித்திருந்தது.

வீடு வாங்கும் செலவைப் பற்றிய பகுதி சுருக்கமாக இருந்தாலும் பயனுள்ளது. தமிழ்நாட்டில் பழைய வீட்டுக்கும் மனைக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 70 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 6,30,000 ரூபாய் அப்படியே போய்விடும். புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டை முதன்முதலாக வாங்குகிறவருக்கு 2023 டிசம்பர் முதல் முத்திரைத் தீர்வை குறைவு: 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். விலை 50 லட்சத்தை எட்டிவிட்டால், வாங்குகிறவர்தான் ஒரு சதவீதத்தைப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதும், சத்துவாச்சாரி வீட்டுக்கு அது 70,000 ரூபாய் என்பதும், தரகர் எங்களிடம் சொல்லாத விஷயங்கள். நாலைந்து ஆண்டுகளில் பேஸ் மாறி வீட்டை விற்க நேர்ந்தால் லாபத்தின் மேல் 12.5 சதவீத வரி வரும். பதிவுக்குக் கொடுத்த ஆறு லட்சத்தை விலை ஏற்றம் ஈடுகட்டவே சில ஆண்டுகள் பிடிக்கும். விமானியின் பேஸ் என்பது நிறுவனம் குறிப்பது. மாற்றம் கேட்டால் பணிமூப்பு வரிசையில் காத்திருக்க வேண்டும். அடிக்கடி இடம் மாறக்கூடிய வேலையில் இருக்கிறவர் 9 சதவீதத்தைப் பதிவுக்குக் கொடுத்து வீட்டை வாங்குவது, ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு அபராதம் கட்டுவது போல என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். சரியான பேச்சு.

ஆனால் எங்களைத் தடுத்து நிறுத்தியது இந்த எண்கள் அல்ல, பென்சில் வட்டங்கள்தான். வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். சென்னசமுத்திரம், ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடிகளைத் தாண்டி, வழியில் தடை எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டரை மணி நேரம் ஆகும். அதிகாலை 4.30-க்கு ரிப்போர்ட்டிங் என்றால், நள்ளிரவு ஒன்றேகாலுக்கு எழுந்து கிளம்ப வேண்டும். பெங்களூருக்கோ தூரம் இன்னும் அதிகம்: குடியாத்தம், பேரணாம்பட்டு, வி.கோட்டா, முல்பாகல், கோலார் என்று சுற்றி தேவனஹள்ளி போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள். வாராந்திர ஓய்வை எங்களோடு கழித்துவிட்டு, மறுநாள் அதிகாலைப் பணிக்காக மதியம் இரண்டரைக்கே மகள் காரில் கிளம்பினாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் மூன்று பட்டையோடு, பின்சீட்டுக் கொக்கியில் தொங்கியது. பேரணாம்பட்டு மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. மணிக்கொரு முறை தொலைபேசியில் பேசினோம். ஒவ்வொரு முறையும் அவள் அதே வளைவில்தான் இருந்தாள். இரவு பதினொன்றரைக்கு எலஹங்கா போய்ச் சேர்ந்தாள். நிறுவனத்தைக் கூப்பிட்டு, போதுமான தூக்கம் கிடைக்காது, நாளை அதிகாலை நான் பறப்பது சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அவர்களும் ஏற்றுக்கொண்டு வேறொருவரை அழைத்தார்கள். அவள் சொன்னது சரி. ஆனால் இதை மாதம் நான்கு முறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இதை நான் இரண்டாம் அமர்வில் சொன்னபோது, உடன் வந்திருந்த மகள் தன் பயிற்சி வகுப்பில் படித்த ஒரு விபத்தை எடுத்துச் சொன்னாள். 2009 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் இறங்கும் முன் விழுந்து நொறுங்கி, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது விமானத் தலைவர் தவறாகச் செயல்பட்டதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனால் அதே விசாரணையில் வெளிவந்த இன்னொரு விவரம், எங்களைப் போன்ற பெற்றோர் படிக்க வேண்டியது. துணை விமானியான இளம்பெண்ணின் பேஸ் நியூவார்க். அவர் குடியிருந்தது நாட்டின் மறுகோடியில், சியாட்டில் பக்கத்தில், பெற்றோரின் வீட்டில். முந்தைய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். விமானத் தலைவர் குடியிருந்தது புளோரிடாவில். குறைந்த சம்பளத்தில் நியூயார்க் பகுதியின் வாடகையை எப்படிக் கொடுப்பது என்பது அந்த விசாரணையின்போது வெளிப்படையாகவே பேசப்பட்டது. பேஸ் இருக்கும் ஊரில் பலர் சேர்ந்து படுக்கையை வாடகைக்குப் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு அங்கே கிராஷ் பேட் என்று பெயர். டல்லாஸிலிருந்து கேட்டபோது வரி மிச்சமாகத் தெரிந்த விஷயத்துக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருப்பதை அன்றுதான் அறிந்தோம்.

தொலைவில் வேலை, ஊரில் வீடு என்ற வாழ்க்கை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வீடு ராணுவ வீரர்கள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற கம்மவான்பேட்டை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் தந்தை வழி உறவினர்கள் பலர் எல்லையில் பணிபுரிந்து, ஊரில் வீடு கட்டி, ஓய்வுக்குப் பின் திரும்பி வந்தவர்கள். என் கணவர் மனத்தில் இருந்த படமும் அதுதான். ஆனால் ராணுவ வீரர் விடுப்பில் வந்து விடுப்பு முடிந்து திரும்புவார். விமானி வாரத்துக்கு வாரம் இரவில் கண்விழித்துச் சாலையைக் கடக்க வேண்டும். 2025 ஜூலை முதல் விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அதில் இரண்டு முழு இரவுகள் இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்தால்தான் அவளால் மாதம் இருமுறை எங்களைப் பார்த்துவிட்டுப் போக முடிகிறது. அந்த ஓய்வு அவள் தூங்குவதற்காகக் கொடுக்கப்பட்டது, நெடுஞ்சாலையில் செலவிடுவதற்காக அல்ல.

மூன்றாம் அமர்வு வளைகுடாவைப் பற்றியது. இந்த அலுவலகத்தின் திறமை முழுமையாகத் தெரிந்தது இதில்தான். அமீரகத்திலும் கத்தாரிலும் தனிநபர் வருமான வரி இல்லை; அங்குள்ள பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டு விமானிகளுக்கு வீடோ வீட்டுப்படியோ தருகின்றன. வரியும் வாடகையும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுவதால், நாட்டைத் தாண்டினால் மட்டும் வரி என்பது குடியிருப்பைத் தீர்மானிக்கும் காரணமாகிவிடுகிறது. ஆனால் அதற்கு நாள் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். வேலைக்காக இந்தியாவை விட்டுப் போகும் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாட்களுக்குக் குறைவாக இருந்தால்தான் வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவார். ஏப்ரல் 1 முதல் எண்ணினால், செப்டம்பர் 28-க்குள் கிளம்பிவிட வேண்டும். அக்டோபரிலோ டிசம்பரிலோ போனால், மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளமும் இங்கே கணக்கில் சேரும். இதோடு மூத்த ஆடிட்டர் இணைத்துச் சொன்ன இன்னொரு விதியை நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம்: விமானத் துறையின் அரசு ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2017-இல் வகுத்த விதிப்படி துணை விமானி ஆறு மாதமும், கமாண்டர் ஓராண்டும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். செப்டம்பர் இறுதிக்குள் பறக்க வேண்டுமானால், மார்ச் மாதத்திலேயே விலகல் கடிதம் கொடுத்திருக்க வேண்டும்! வேலைவிதியையும் வரிவிதியையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்த்த அந்த ஒரு பக்கத்துக்காகவே 8,850 ரூபாய் கொடுக்கலாம்.

போன பிறகும் கணக்கு முடிவதில்லை. ஊருக்கு வந்துபோகும் நாட்கள் பொதுவாக 182-ஐத் தொடக் கூடாது. இந்தியாவில் ஈட்டும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அந்த வரம்பு 120 நாட்களாகக் குறையும் நிலை 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்தது. கப்பலில் வேலை பார்க்கும் என் தங்கை மகனுக்கு உள்ள நாள் கணக்கு விதிகளை மகளுக்கும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவை கப்பல் ஊழியர்களுக்கு மட்டுமானவை, விமானிக்குப் பொருந்தாது என்று தெளிவுபடுத்தினார். இந்தியாவுக்கு விமானம் ஓட்டிவந்து இறங்கித் தங்கும் நாட்களையும் குறித்துவைக்கச் சொல்லி, ரோஸ்டரைப் பத்திரமாகச் சேமிக்கும் வழக்கத்தை இப்போதே தொடங்கும்படி அறிவுறுத்தினார். வேலை போனால் நிறுவனம் தந்த வீடும் போய்விடும் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையைக் காட்டியும், பரந்தூரில் வரப்போவதாக அறிவிக்கப்பட்டிருக்கும் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்தைக் காட்டியும் எங்கள் பக்கத்தில் மனை விற்கிறார்கள். அறிவிப்பை நம்பி வீட்டை வாங்க வேண்டாம், சாலை திறந்த பிறகு காரில் ஒரு முறை போய் நேரத்தை அளந்து பாருங்கள் என்று மட்டும் ஆடிட்டர் சொன்னார். அப்துல்லாபுரம் விமானத் தளத்தைப் பற்றி நாங்களே கேட்கவில்லை. அதன் ஓடுதளம் சிறிய விமானங்களுக்கானது, மகள் ஓட்டும் விமானம் அங்கே இறங்காது.

சேவையில் குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். கீழே வண்டி நிறுத்த இடம் இல்லை, சிஎம்சி பக்கத்துக் கூட்டம் அந்தத் தெரு வரை நிரம்பி வழியும். ஜூலையில் கணக்குத் தாக்கல் நெருக்கடி என்பதால் இரண்டாம் அமர்வு மூன்று வாரம் தள்ளிப்போனது. குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் வேண்டும் என்று கேட்டபோது தனியாக இரண்டு பக்கச் சுருக்கம் மட்டும் கொடுத்தார்கள். குடும்பமே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில், முழுக் குறிப்பும் தமிழில் கிடைத்திருந்தால் என் கணவர் என்னை வரிக்கு வரி மொழிபெயர்க்கச் சொல்லியிருக்க மாட்டார். வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம் ஆகியவற்றை அவர்கள் பார்ப்பதில்லை. அதற்கு வழக்கறிஞரிடம் தனியாகப் போக வேண்டும்.

இந்தியாவுக்குள் வேலை பார்க்கும் விமானிக்கு, குடியிருக்கும் ஊரைப் பற்றிய கேள்வி மட்டும் இருந்தால், ஒரு அமர்வே போதும் என்று நினைக்கிறேன். அதற்கு அவர்கள் 3,000 ரூபாய் வாங்குகிறார்கள். வெளிநாட்டு வேலை யோசனையில் இருப்பவர்கள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள்.

சத்துவாச்சாரி வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டோம். மகள் எலஹங்கா வீட்டு ஒப்பந்தத்தை இன்னும் பதினொரு மாதத்துக்கு நீட்டித்திருக்கிறாள். வீட்டு முன்பணத்துக்காகச் சேர்த்த தொகையில் ஒரு பகுதி கல்விக் கடனுக்குப் போனது. காட்பாடியில் மாடியில் அவளுக்காக ஒரு அறையை, சாலைச் சத்தம் கேட்காதபடி இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டு, பகலிலும் இருட்டாக இருக்கும் கனமான திரையோடு சரிசெய்திருக்கிறோம். போன வாரம் வந்தவள் அதில் பத்து மணி நேரம் தூங்கினாள்.